சும்மா கிடக்கும் பள்ளிக்கூடத்தை முதியோர் குடியிருப்பாக்கலாமா? நான்கு வழிகள், ஒரு கணக்கு

“எங்கள் ஊர் ஒன்றியப் பள்ளி நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. தனியாக இருக்கும் வயசானவர்களுக்கு அதை வீடாக்கித் தரலாமா, இல்லை இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டிவிடலாமா?” ஊராட்சித் தலைவர்கள், ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் வெளியூர்க்காரர்கள், சிறு அறக்கட்டளைகள் எனப் பலரும் வந்து நிற்கும் இடம் இதுதான். பள்ளி என்றில்லை. வேறு இடத்துக்கு மாறிப்போன பழைய தாலுகா அலுவலகம், மூடிய மருந்தகம், யாரும் வாடகைக்கு எடுக்காத சமுதாயக்கூடம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

கட்டடம் கையில் இருப்பதால் பாதிச் செலவு மிச்சம் என்று நினைத்து இறங்குகிறவர்கள் இரண்டாவது வருடம் மாட்டிக்கொள்கிறார்கள். சுவரும் கூரையும் ஒருமுறைச் செலவு. சமையல் ஆள் சம்பளம், கரண்ட் பில், கழிவுநீர்த் தொட்டியை உறிஞ்ச வரும் லாரி எல்லாம் திரும்பத் திரும்ப வரும். அதனால் கட்டடத்தைப் பார்க்கும் முன் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். வழியைத் தேர்வது அதற்குப் பிறகு. வழிகள் நான்கு: வகுப்பறைகளைத் தனித்தனி வீடுகளாக்குவது, முதியோர் இல்லமாக நடத்துவது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது, பகல் மையமாக்கி அவரவர் வீட்டைச் சரிசெய்வது.

## எதை வைத்து எடை போடுவது?

நிலம் யாருடையது. புல எண்ணை வைத்து அ-பதிவேட்டு (நிலத்தின் வகையும் உரிமையும் பதிவான கிராமப் பதிவேடு) நகலும் எஃப்எம்பி (புல அளவை) வரைபடமும் எடுங்கள். ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் அ-பதிவேடு கிடைக்கும். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். இன்னொரு கண்ணி, தானப் பத்திரம். பழைய பள்ளிகள் பல, ஊர்ப் பெரிய குடும்பம் எழுதிக்கொடுத்த நிலத்தில் நிற்கின்றன. “பள்ளிக்கூடம் நடத்த மட்டுமே” என்ற ஒரு வரி பத்திரத்தில் இருந்தால், நீங்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் நாளில் பேரன் வழக்கறிஞரோடு வந்து நிற்பார். சார்பதிவாளர் அலுவலகத்தில் மூலப் பத்திரத்தின் நகலை வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் முழுதாகப் படிக்கக் கொடுங்கள். நிபந்தனை இருந்தால் வாரிசுகள் எல்லோரிடமும் பதிவு செய்த ஒப்புதல் வேண்டும். வாய்ச்சொல் போதாது.

பள்ளிக் கட்டடம் என்றால் கல்வித் துறையின் தடையின்மைச் சான்று தனி. ஒரு வருடம் சேர்க்கை இல்லாததால் துறை அதைக் கைவிட்டதாக ஆகாது. 2019-ல் மாணவர்களே இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்க முடிவெடுத்தபோதும் அது தற்காலிக ஏற்பாடு என்றே சொல்லப்பட்டது. பிள்ளைகள் வந்தால் பள்ளி திரும்பத் திறக்கும் என்பதே துறையின் நிலை. ஆகவே குறைந்தது 15 வருடத்துக்கு எழுத்தில் ஒப்படைப்பு இல்லாமல் லட்சக்கணக்கில் செலவு செய்வது சூதாட்டம். வளாகத்தின் ஒரு பாதியில் பள்ளி இன்னும் நடந்தால், மறு பாதியை யாருக்கும் குடியிருப்பாக்கும் யோசனையே வேண்டாம்.

கூரை தாங்குமா. கண்ணால் பார்த்துச் சொல்லும் சான்று எதற்கும் உதவாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுவதும் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்தார்கள். உங்கள் கட்டடம் அதில் இடிக்க வேண்டியவை என்ற பட்டியலில் ஏறியதா என்று முதலில் கேளுங்கள். ஏறியிருந்தால் முதலாவது வழியும் இரண்டாவது வழியும், நான்காவது வழியின் பகல் மையமும் அந்தக் கட்டடத்தில் முடிந்துபோயின.

கான்கிரீட் கூரை என்றால், உடைக்காமலே வலுவைக் காட்டும் ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனைகளோடு ஃபீனாஃப்தலீன் சோதனையும் கேளுங்கள். கான்கிரீட்டில் சிறு துளையிட்டு அந்தத் திரவத்தைத் தெளித்தால் நல்ல பகுதி இளஞ்சிவப்பாகும். காரத்தன்மை போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பி வரை போயிருந்தால் துரு தொடங்கியிருக்கும், அல்லது சீக்கிரம் தொடங்கும். கூரையின் அடிப்பக்கம் ஓர் இடத்தில் பெயர்ந்து கம்பி தெரிந்தால் ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். அறை முழுக்கத் தட்டினால் பொத்தென்று கேட்டால் ஒட்டு நிற்காது.

மெட்ராஸ் டெரஸ் கூரை (மரக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய கூரை) வேறு கதை. தேக்குக் கட்டைகளின் நுனி சுவருக்குள் போகும் இடத்தில்தான் கரையான் இருக்கும். நடுவில் தட்டிப் பார்த்து “மரம் நன்றாக இருக்கிறது” என்று சொல்வதை நம்பாதீர்கள். நுனியில் சுவரைக் கொஞ்சம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூச்சு பூசுவதும் கெடுதல். உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு தகடு தகடாகப் பெயர்ந்து வரும்.

கீழ்த்தளத்தில் எத்தனை அறை. மேல்தளத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். லிஃப்ட் வைத்தால் அதற்கு மின் ஆய்வுத் துறையின் உரிமம், வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், மின்தடைக்கு மாற்று ஏற்பாடு என்று செலவு நீளும். பத்துப் பேருக்காக அதைச் சுமப்பது கட்டுப்படியாகாது.

நடை தூரம். ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது துணை நிலையம், பஸ் நிறுத்தம், டீக்கடை, கோயில். இதில் குறைந்தது மூன்று அரைக் கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஊர்க்கோடியில், இடுகாட்டுப் பாதையில் இருக்கும் கட்டடத்துக்கு யாரும் குடிவர மாட்டார்கள். அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். “அப்புறம் பார்க்கலாம்” என்று நழுவுவார்கள்.

வரப்போகிறவர் யார். “நம்ம ஊரில் முப்பது பேர் தனியாக இருக்கிறார்கள்” என்பது கணக்கு ஆகாது. ஒவ்வொருவரிடமும் நேரில் போய் ஐந்து கேள்வி கேளுங்கள். சொந்த வீடு இருக்கிறதா? சமையலை யார் செய்கிறார்? ராத்திரி எத்தனை முறை எழுந்து வெளியே போக வேண்டியிருக்கிறது? ஓய்வூதியம் வருகிறதா? உங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து தூங்குவீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் நான்கு வழிகளில் எது என்று முக்கால்வாசி சொல்லிவிடும்.

மாதச் செலவு யார் தலையில். இதைத் தனித்தனியாக, ஒவ்வொரு வழியிலும் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் எல்லாம் கணக்குப் போடும் முறையைக் காட்ட வைத்த எடுத்துக்காட்டுகள். உங்கள் ஊர்க் கூலி, விலையைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள்.

## வழி 1: வகுப்பறைகளைத் தனித்தனி வீடுகளாக்குவது

நடக்க முடிகிற, தானே சமைத்துக்கொள்கிற, ஆனால் ஒழுகும் வீட்டிலோ வாடகை வீட்டிலோ அவதிப்படுகிறவர்களுக்கு இது. 20 அடிக்கு 20 அடி வகுப்பறை 400 சதுர அடி. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தின் வீடு 360 சதுர அடிதான். ஆக, ஒரு வகுப்பறை ஒரு தம்பதிக்குத் தாராளம். ஒற்றை ஆள் என்றால் நடுவே தடுத்து 200 சதுர அடி வீடு இரண்டு செய்யலாம், கொஞ்சம் நெருக்கடிதான்.

வேலையின் உயிர் கழிப்பறையில் இருக்கிறது. பள்ளிக் கழிப்பறை மைதானத்து மூலையில் இருக்கும். பகலில் ஓடிப்போய் வரும் பிள்ளைகளுக்காகக் கட்டியது அது. ராத்திரி மூன்று முறை எழும் 74 வயதுக்காரருக்கு அந்தத் தூரம் இடுப்பெலும்பு முறியும் தூரம். எனவே ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒன்று வேண்டும். அறையின் பின்பக்கம் 7 அடி ஆழத்துக்கு ஒரு பட்டை ஒதுக்கி, அதில் 2 மீட்டருக்கு 2.2 மீட்டர் கழிப்பறை, மிச்சத்தில் சமையல் மேடை. முன்பக்கம் 13 அடி, படுக்கவும் உட்காரவும். சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும் என்பதை வைத்துத்தான் இந்த அளவு.

கீழ்த்தளத்தில் தரையை வெட்டி 110 மி.மீ. குழாயைச் சாய்வாகப் புதைத்துவிடலாம். கழிப்பறைத் தரையும் அறைத் தரையும் ஒரே மட்டத்தில் வரும். மேல்தளத்தில் கூரைத் தளத்தை வெட்ட முடியாது. மேஸ்திரி என்ன செய்வார் என்றால், குழாய் ஓட வைக்கக் கழிப்பறைத் தரையை 6 முதல் 9 அங்குலம் உயர்த்துவார். வாசலில் ஒரு படி முளைக்கும். ஈரக்காலோடு இறங்கும்போது விழுவது அந்தப் படியில்தான். மேல்தளம் கட்டாயம் என்றால், கட்டடத்துக்குப் பின்னால் தனித் தூண்களில் கழிப்பறை அடுக்கு ஒன்று எழுப்புவதே சரியான வழி. அதன் செலவைப் பார்த்தால் மேல்தளம் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது தள்ளுகதவாக இருக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் உடம்பே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடும். உடைத்தால் அவர் மேல்தான் உடைக்க வேண்டும். தாழ்ப்பாள் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் வகை. பீங்கான் உட்காரும் உயரம் 45 முதல் 48 செ.மீ. கைப்பிடிக் கம்பிக்கும் சுவருக்கும் இடையே 4 செ.மீ. இடைவெளி. அதைப் பழைய பூச்சில் சாதாரண பிளக் அடித்து மாட்டினால் முதல் முறை முழு எடையோடு பிடிக்கும்போதே கையோடு வந்துவிடும். கம்பி இல்லாத சுவரைவிட இது ஆபத்து, ஏனென்றால் நம்பிப் பிடிக்கிறார்கள். சுவரை ஊடுருவும் போல்ட்டு போட்டு, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து முறுக்குங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுக்க எரியும் சிறு எல்இடி ஒன்று. இதற்கு ஆகும் கரண்ட் ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்தின் அடித்தளம் தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி உயரம் இருக்கும். சாய்தளம் 1:12 சரிவில் வேண்டும்: 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம், மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம். ஏற்கெனவே ஒரு சாய்தளம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். டேப் வைத்து அளங்கள். செங்குத்தாகக் கட்டிக் கணக்குக் காட்டியவை நிறைய.

மறைந்து நிற்கும் செலவுகள் மூன்று. முதலாவது கழிவுநீர்த் தொட்டி. பகலில் மட்டும் சிறுநீர் கழித்த பிள்ளைகளுக்கான தொட்டி, குளியல், சமையல், மலம் எல்லாம் சேரும் குடியிருப்புக்குப் போதாது. 20 பேருக்கு 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம் என்பது இந்தியத் தர அளவு; நீர் ஆழம் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை அள்ளுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குளியல் நீரை அதற்குள் விடாமல் தனி உறிஞ்சுகுழிக்குத் திருப்புங்கள். தண்ணீர் கணக்கும் மாறும்: பகல் பள்ளிக்கு ஆளுக்கு 45 லிட்டர், வீட்டுக்கு 135.

இரண்டாவது, மின் இணைப்பு. பள்ளிக்கான இணைப்பு வேறு கட்டண வகை. ஒரே மீட்டரில் எட்டு வீட்டையும் ஓட்டினால், வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 இலவச யூனிட் யாருக்கும் தனியாகக் கிடைக்காது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டருக்கு விண்ணப்பியுங்கள். தனிச் சமையலிடம் இருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு: தனி ரேஷன் கார்டு கேட்கும்போது ஆய்வுக்கு வருகிறவர் பார்ப்பது தனி அடுப்பு இருக்கிறதா என்பதைத்தான்.

மூன்றாவது, தடுப்புச் சுவர். நாலரை அங்குலச் செங்கல் சுவர், 3 மீட்டர் உயரம், இருபக்கப் பூச்சோடு, ஓடுமீட்டருக்கு ஏறக்குறைய 800 கிலோ. கீழ்த்தளத்தில் கவலையில்லை. மேல்தளத்தில் அடியில் பீம் இல்லாத இடத்தில் எழுப்பினால் தளம் தொய்யும். 10 செ.மீ. ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் கொண்ட எடை குறைந்த கல்) என்றால் பூச்சோடு சேர்த்தும் அதில் பாதி எடைகூட வராது.

மாதக் கணக்கு: எட்டு வீடு. ஒரு காவல்-உதவி ஆளுக்கு 12,000, பொது விளக்கும் மோட்டாரும் 3,000, பழுதுபார்ப்புக்கு ஒதுக்கீடு 5,000. மொத்தம் 20,000, வீட்டுக்கு 2,500. முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. அதை மட்டும் நம்பி இருப்பவரிடம் 800-க்கு மேல் வாடகை கேட்பது நியாயமில்லை, கிடைக்கவும் கிடைக்காது. எட்டு வீட்டிலும் 6,400 வரும்; மாதம் 13,600 துண்டு விழும். அதை வட்டியிலிருந்து எடுக்க வேண்டுமானால், 7 சதவீதத்தில் 23 லட்சத்துக்கு மேல் வைப்புத்தொகை வேண்டும். கொடையாளரிடம் கட்டடத்துக்குப் பணம் கேட்பது சுலபம். கல்வெட்டில் பெயர் வரும். வைப்புத்தொகைக்குக் கேட்டால்தான் அவர் மனசு தெரியும். ரோட்டோர அறை ஒன்றை இ-சேவை மையத்துக்கோ கடைக்கோ வாடகைக்கு விட்டு இதில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம்.

*எப்போது சரி:* கான்கிரீட் கூரை, கீழ்த்தளத்திலேயே நான்கு அறைக்கு மேல், ஊர் நடுவே இடம், குடிவரத் தயாராக எட்டுப் பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வைப்புத்தொகை கையில்.

## வழி 2: பொதுச் சமையலோடு முதியோர் இல்லமாக நடத்துவது

சமைக்கவோ துவைக்கவோ முடியாதவர்களுக்கு முதல் வழி உதவாது. அறைக்கு நான்கு கட்டில், பொது உணவுக்கூடம், இரவுப் பணியாளர் என்று இல்லமாக நடத்தினால் கட்டட வேலை குறையும். தடுப்புச் சுவர் வேண்டாம், எட்டுச் சமையல் மேடை வேண்டாம். சத்துணவுக் கூடம் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே சமையலறை. கழிப்பறை மட்டும் ஐந்து பேருக்கு ஒன்று என்ற கணக்கில், அறையை ஒட்டியே வேண்டும்.

ஆனால் கட்டடத்தில் மிச்சமாவது மாதச் செலவில் போய்விடும். 25 பேருக்குப் போட்டுப் பாருங்கள்:

- மூன்று வேளை உணவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 100: மாதம் 75,000
- சமையலுக்கு இருவர்: 24,000
- பராமரிப்பாளர் மூவர், இரவு உட்பட: 36,000
- பொறுப்பாளர்: 15,000
- மருந்து, டயாப்பர், ஆட்டோ: 10,000
- கரண்ட், கேஸ், தண்ணீர்: 8,000

மொத்தம் 1,68,000. தலைக்கு 6,720. ஓய்வூதியம் முழுவதையும் வாங்கிக்கொண்டாலும் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. பராமரிப்பாளர் மூவர் என்பதும் குறைந்தபட்சம்தான்; ஒருவர் லீவு போட்டால் இரவு ஆள் இல்லை.

மானியம் உண்டு. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் முதியோர் திட்டம் 25 பேர் கொண்ட இல்லத்தை ஓர் அலகாக வைத்து உதவுகிறது. மானியம் ஆய்வு, தணிக்கை எல்லாம் முடிந்து தவணையாக வரும். மளிகைக் கடைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். ஆறு மாதச் செலவை, இந்தக் கணக்கில் பத்து லட்சத்தை, கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறக்க வேண்டும்.

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்யாமல் இல்லம் நடத்தக் கூடாது. சில இடங்களில் “சட்டப்படி 150 பேர் இருக்க வேண்டுமே” என்று யாராவது குறுக்கே பேசுவார்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்வது, மாநில அரசு மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் அளவில் அமைக்கலாம் என்பது. ஊர் அளவில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய இல்லத்துக்கு அந்த எண்ணிக்கை பொருந்தாது.

ஊராட்சி நேரடியாக நடத்த ஆசைப்படக் கூடாது. தலைவர் மாறினால் சமையல்காரரும் மாறுவார். ஏற்கெனவே இரண்டு இல்லமாவது நடத்தும் அறக்கட்டளைக்கு ஒப்படைத்து, வாடகை வாங்காமல், ஊர்க்காரர்களுக்கு இத்தனை இடம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது. அந்த வரி இல்லையென்றால் மூன்றாவது வருடம் உள்ளே இருப்பவர்களில் உங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

*எப்போது சரி:* ஆதரவற்றவர்கள், உதவி இல்லாமல் நாளை ஓட்ட முடியாதவர்கள் சுற்று வட்டாரத்தில் 20 பேருக்கு மேல். அனுபவமுள்ள அறக்கட்டளை ஒன்று எழுத்தில் முன்வந்திருக்கிறது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி பக்கம்.

## வழி 3: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது

இதில் சொல்ல அதிகம் இல்லை. பழுதுபார்க்கும் மதிப்பீடு, அதே பரப்பைப் புதிதாகக் கட்டும் செலவில் பாதியைத் தாண்டினால் இடிப்பதே மேல். பழைய கட்டடத்தில் ஒட்டுப்போட்ட இடம் பத்து வருடத்தில் திரும்பக் கை நீட்டும்.

இடிக்கப் பொறியாளர் சான்றும் ஆட்சியர் அனுமதியும் வேண்டும். கதவு, சன்னல், கம்பி, செங்கல்லுக்கு மதிப்புப் போட்டு ஏலம் விட வேண்டும். ஏலம் எடுத்தவர் தேக்குக் கதவுகளை முதல் வாரத்திலேயே கொண்டுபோய், இடிபாட்டை அப்படியே விட்டுவிட்டுப் போவது வழக்கம். இடிபாட்டை அகற்றித் தரையைச் சமன்செய்த பிறகே வைப்புத்தொகை திரும்பும் என்று ஏல நிபந்தனையில் எழுதுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று, பக்க இடைவெளி விதி. பழைய கட்டடம் ரோட்டை ஒட்டி நிற்கும். புதிதாகக் கட்டும்போது இன்றைய ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி முன்னும் பக்கமும் தள்ளிக் கட்ட வேண்டும். சிறிய மனையில் இதனாலேயே இரண்டு வீடு குறைந்துபோகும். வரைபடம் போட்டுப் பார்க்கும் முன் இடிக்க வேண்டாம். இடித்த பிறகு நிதி வராமல் வெறும் மைதானமாகக் கிடக்கும் இடத்தை யார் யாரோ கேட்டு வருவார்கள்.

லாபம் என்னவென்றால், எல்லாம் ஒரே தளத்தில், சரியான கழிப்பறையோடு, காற்றோட்டமாகக் கட்டிக்கொள்ளலாம். 12 வீட்டை நடு முற்றத்தைச் சுற்றி வைத்தால் ஒருவருக்கொருவர் கண்ணில் படுவார்கள். காலையில் ஒரு கதவு திறக்கவில்லை என்றால் எதிர்வீட்டுக்குத் தெரியும்.

*எப்போது சரி:* கூரை சோதனையில் தோற்றுவிட்டது, நிலத்தில் வில்லங்கம் இல்லை, நிதி முழுதும் ஒதுக்கப்பட்டுவிட்டது, இரண்டு வருடம் காத்திருக்க முடியும்.

## வழி 4: கட்டடத்தைப் பகல் மையமாக்கி, அவரவர் வீட்டைச் சரிசெய்வது

கேட்க வந்தவர்களுக்கு இது பிடிக்காது. திறப்பு விழாவுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்தாவது கேள்விக்குப் பெரும்பாலோர் “நான் என் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்” என்று சொல்லியிருந்தால் இதுதான் விடை.

கட்டடத்தில் வேண்டியது இரண்டு நல்ல கழிப்பறை, சாய்தளம், மின்விசிறி, படுத்து எழ நாலு பெஞ்சு, மதியச் சாப்பாடு. 25 பேருக்கு ஒரு சாப்பாடு 45 என்று மாதம் 26 நாள்: 29,250. உதவியாளர் 10,000, கரண்ட் 2,000. மொத்தம் 41,250, தலைக்கு 1,650. 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் அறிவித்த அன்புச்சோலை மையங்கள் 25-ம் இதே வகைப் பகல் ஏற்பாடுதான். யாரும் இரவு தங்காததால் கழிவுநீர்த் தொட்டிக்குச் சுமை குறைவு. கல்வித் துறை நாளை கட்டடத்தைத் திரும்பக் கேட்டாலும் இழப்பது சிறிது.

மிச்சப் பணம் வீடுகளுக்கு. ஒழுகும் கூரை, வாசலில் உயரப் படி, வீட்டுக்குள் கழிப்பறை இல்லாமை, இருட்டு: இந்த நான்கும்தான் ஆளை வீட்டைவிட்டுத் துரத்துகின்றன. ஒரு வீட்டுக்கு 60,000 என்று வைத்தாலும் 25 வீட்டுக்கு 15 லட்சம். முதல் வழிக்கு வேண்டிய வைப்புத்தொகையைவிடக் குறைவு. 2000-01-க்கு முன் அரசுத் திட்டத்தில் கட்டிய வீடாக இருந்தால் ஊரக வீடுகள் பழுதுபார்க்கும் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள். கழிப்பறை இல்லாத தகுதியுள்ள வீட்டுக்குத் தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ஊக்கத்தொகை உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2025 ஆகஸ்டிலிருந்து தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் பொருளும் வீடு தேடி வருகிறது. வீட்டிலேயே இருப்பதற்கான பாதித் துணை ஏற்கெனவே இருக்கிறது.

இதன் குறை இரவு. ஆறு மணிக்கு மையம் பூட்டிய பிறகு விழுந்தால் பார்க்க ஆள் இல்லை. இன்னொன்று, வீடு யார் பேரில் இருக்கிறது என்பது. மகன் பேரில் இருக்கும் வீட்டை நீங்கள் செலவு செய்து சரியாக்கிக் கொடுக்க, அடுத்த மாதம் மகன் அதை வாடகைக்கு விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. முதியவர் தன் காலம் வரை அங்கேயே இருப்பார் என்று உரிமையாளரிடம் முத்திரைத்தாளில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

*எப்போது சரி:* பெரும்பாலோருக்குச் சொந்த வீடு உண்டு, தனிமையும் சமையலும்தான் பிரச்சினை, கட்டடத்தின் மேல் நீண்டகால உரிமை இல்லை.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | தனி வீடுகள் | முதியோர் இல்லம் | புதுக் கட்டடம் | பகல் மையம் + வீட்டுப் பழுது |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | நடுத்தரம் | குறைவு | மிக அதிகம் | குறைவு, பிரித்துச் செய்யலாம் |
| தலைக்கு மாதச் செலவு (எடுத்துக்காட்டு) | வீட்டுக்கு 2,500 | 6,720 | 12 வீட்டுக்கும் அதே ஆள் என்றால் 2,500-க்குக் கீழ் | 1,650 |
| ஆள் குடிவர ஆகும் காலம் | 8 முதல் 12 மாதம் | 4 முதல் 6 மாதம் | 2 வருடம் | 2 மாதம் |
| நில உரிமை எவ்வளவு உறுதி வேண்டும் | 15 வருடம் | 15 வருடம் | முழு உரிமை | 3 வருடம் போதும் |
| யாருக்கு | தன் வேலையைத் தானே பார்ப்பவர் | உதவி தேவைப்படுபவர் | தன் வேலையைத் தானே பார்ப்பவர் | சொந்த வீடு உள்ளவர் |
| அடிக்கடி கெடுவது | கழிவுநீர்த் தொட்டி, வாடகைப் பாக்கி | இரவுப் பணியாளர், மானியத் தாமதம் | நிதி நின்றுபோவது | இரவுத் துணை |

இரண்டை ஒட்டவும் செய்யலாம். ஆறு அறையுள்ள கட்டடத்தில் நான்கை வீடாக்கி, இரண்டைப் பகல் மையமாக வைத்தால், மதியச் சாப்பாடு வீட்டுக்காரர்களுக்கும் சேர்ந்துவிடும். மையத்து உதவியாளரே பகல் துணையும் ஆவார். ஊராட்சி அளவில் பெரும்பாலான இடங்களுக்கு இந்தக் கலவையைத்தான் பரிந்துரைக்க முடியும். பகல் மையத்தை முதலில் திறந்து, ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு, அங்கே தினமும் வருகிறவர்களில் யாருக்கு வீடு வேண்டும் என்று தெரிந்த பிறகு அறைகளில் கை வையுங்கள்.

## சாவி கொடுக்கும் முன் எழுத வேண்டிய தாள்

முதல், மூன்றாம் வழிகளில் வாடகை ஒப்பந்தம், குத்தகை என்ற சொற்களே வேண்டாம். வாழும்வரை தங்கும் அனுமதி என்று எழுதுங்கள்; வழக்கறிஞரிடம் உரிமம் என்று கேட்டால் வாசகம் தருவார். அனுமதி அந்த நபருக்கு மட்டும். தம்பதியில் ஒருவர் இறந்தால் மற்றவர் தொடர்வார். பிள்ளை, பேரனுக்குப் போகாது. இது எழுதப்படாத இடங்களில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மகன் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஊர்க்காரர் என்பதால் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம், வாடகை எத்தனை மாதம் நின்றால் யார் பேசுவது, பொது மோட்டார் கெட்டால் எத்தனை நாளில் சரிசெய்வது என்பதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அந்தப் பக்கத்தை, படிக்கத் தெரியாதவருக்கு இருவர் முன்னிலையில் வாசித்துக் காட்டிக் கைரேகை வாங்குங்கள்.

இன்னொரு வரி எழுதச் சங்கடமாக இருக்கும், எழுதியே ஆக வேண்டும்: படுத்த படுக்கையானால் என்ன ஏற்பாடு? எந்த இல்லத்துக்கு, யார் வண்டியில், யார் செலவில், உறவினரில் யாருக்கு முதலில் போன். ஆளும் நம்பரும் குடிவரும் அன்றே அந்தத் தாளில் இருக்கட்டும். ஒரு நகல் காவல்-உதவி ஆளிடம், ஒரு நகல் சுவரில் 14567 முதியோர் உதவி எண்ணுக்குப் பக்கத்தில்.